தாயின் ஹெபடைடிஸ் பி குழந்தைக்குப் போகாமல் தடுத்தது எப்படி? வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேட்டில் வாழ்க்கைப்பட்ட 24 வயதுப் பெண். தலைச்சன் கர்ப்பம். பன்னிரண்டாவது வாரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கி, வழக்கமான பரிசோதனைகளுக்கு ரத்தம் கொடுத்தார். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. ஹெச்ஐவி, சிபிலிஸ் இரண்டும் இல்லை. கல்லீரலில் குடியேறும் வைரஸான ஹெபடைடிஸ் பிக்கான கார்டு டெஸ்டில் மட்டும் இரண்டாவது கோடு விழுந்தது, அதாவது பாசிட்டிவ். கார்டில் வந்ததை எலைசா முறையிலும் செய்து உறுதிப்படுத்திய பிறகு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

கணவருக்கு விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் திரும்பிவர நாள் கணக்காகும். மாமியார் மீன் ஏலம் எடுத்து விற்பவர். தாய்வீடு எண்ணூர்ப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றில். இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள சாலை பின்னால் முக்கியமாகும். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் வடசென்னையில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுத ஒரே காரணம்தான். ஹெபடைடிஸ் பி தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, வைரஸுக்கான எதிர்ப்பொருளைத் தயாராகவே தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி இருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். இத்தனை இருந்தும் ஒரு குழந்தைக்கு வைரஸ் போகிறதென்றால், பெரும்பாலும் தகவல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேராததுதான் காரணம். ரிசல்ட் ஒரு இடத்தில் இருக்கும், பிரசவம் வேறொரு இடத்தில் நடக்கும். இந்தப் பெண் விஷயத்தில் அந்த இடைவெளியை எப்படி அடைத்தோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

முதல் சந்திப்பும் பரிசோதனைகளும்

அவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. கண் மஞ்சளில்லை, பசி நன்றாக இருந்தது, களைப்பு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இருப்பதுபோல்தான். “எனக்குக் காமாலையே வந்ததில்லையே டாக்டரம்மா” என்றார். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊரில் ஹெபடைடிஸ் என்றாலே மஞ்சள் காமாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் பி வைரஸைச் சுமக்கும் பெரும்பாலானோருக்கு ஒரு நாள்கூடக் கண் மஞ்சளானதில்லை. அதனால்தான் அறிகுறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறோம்.

பாசிட்டிவ் என்று தெரிந்ததும் அடுத்து இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வைரஸ் எவ்வளவு இருக்கிறது? கல்லீரல் எப்படி இருக்கிறது? கல்லீரல் காயத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி இவருக்கு 24, சரியான அளவு. தட்டணுக்கள் சரியான அளவு, ஸ்கேனில் கல்லீரல் சீராக இருந்தது, ஹெபடைடிஸ் சி இல்லை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சரி. ஆனால் வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ஹெச்பிஇஏஜி பாசிட்டிவ். வைரஸ் டிஎன்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 8.4 கோடி ஐயு (சர்வதேச அலகு). மாத்திரை தொடங்க வேண்டுமா என்று முடிவு செய்யும் எல்லை 2 லட்சம்தான். இவருடையது அதைப்போல 400 மடங்குக்கு மேல்.

கல்லீரலில் காயமே இல்லை, ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில். இது எப்படி என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். கல்லீரலை நேரடியாகக் கெடுப்பது வைரஸ் இல்லை. வைரஸ் குடியிருக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தி தாக்கும்போதுதான் கல்லீரல் வீங்குகிறது, எஸ்ஜிபிடி ஏறுகிறது. பிறக்கும்போதே வைரஸ் வந்துவிட்டால் எதிர்ப்பு சக்தி அதை அந்நியமாகவே பார்ப்பதில்லை. பல வருஷம், சில சமயம் முப்பது வயது தாண்டியும், வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும், கல்லீரல் அமைதியாக இருக்கும். இவர் இருந்தது அந்தக் கட்டத்தில்.

வைரஸ் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை மருத்துவத்துக்காக மட்டும் கேட்கவில்லை. கணவருக்குப் பரிசோதித்ததில் நெகட்டிவ் வந்தது. அவ்வளவுதான், வீட்டில் பேச்சு மாறிவிட்டது. “பையனுக்கு இல்ல, இவளுக்கு மட்டும் இருக்குதுன்னா இன்னா அர்த்தம்?” என்று மாமியார் என்னிடமே கேட்டார். ஹெச்ஐவியோடு சேர்த்து எழுதும் பரிசோதனை, ரத்தத்தால் பரவும் நோய், கணவனுக்கு இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் அந்த ரிப்போர்ட் கைகொடுத்தது. பெரியவர்களாகி ஹெபடைடிஸ் பி தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடம்பே வைரஸை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ்: நூற்றுக்கு 90 பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிவிடும். இவருக்கு வைரஸ் இவ்வளவு அதிகமாகவும் எஸ்ஜிபிடி இவ்வளவு சரியாகவும் இருப்பதைப் பார்த்தால், இது நேற்று முந்தாநாள் வந்தது கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோதே வந்திருக்க வேண்டும். இதை மாமியாரிடம் நேராகவே சொன்னேன்: “அம்மா, இது இவங்க பிறக்கும்போதே வந்தது. இவங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம்.”

எண்ணூரிலிருந்து அம்மா வந்தார். பாசிட்டிவ். கூடப் பிறந்த அண்ணனுக்கும் பாசிட்டிவ். தங்கைக்கு இல்லை. குடும்ப வரலாற்றை உட்கார்ந்து கேட்டபோது இன்னும் தெளிவானது. அம்மாவின் அம்மா ‘வயிறு வீங்கி’ இறந்துபோயிருக்கிறார். தாய்மாமன் ஒருவர் நாற்பதுகளில் கல்லீரல் கெட்டுச் செத்தார். குடித்தே போனார் என்று ஊரில் பேச்சு, ஆனால் அவர் குடித்ததே இல்லை என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். அந்த இரண்டு மரணங்களுக்கும் காரணம் இதுதான் என்று இப்போது நிரூபிக்க முடியாது. ஆனால் தாய்வழியில் வைரஸ் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

இந்தப் பெண் பிறந்த காலத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் கிடையாது. 2002-03இல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுக்க வந்தது. அம்மாவுக்குப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஆக யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, “சாப்டியா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. இந்த விளக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது. கூட்டமான ஓபியில் பத்து நிமிஷம் பெரிய விஷயம்தான். ஆனால் இந்தப் பேச்சு நடக்காமல் போனால் அந்தப் பெண் அடுத்த தடவை வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

கீழாநெல்லி

அடுத்த முறை வந்தபோது மாமியார் ஒரு பையைத் திறந்து காட்டினார். கட்டு கட்டாகக் கீழாநெல்லி. அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கலாமா என்று கேட்டார். சண்டை தணிந்து அக்கறை வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதனால் சிரித்து ஒதுக்க மனம் வரவில்லை. ஒதுக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் இந்தச் செடிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் சென்னையில் ஒரு தனி வரலாறு உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும் குழுவினரும் கீழாநெல்லிப் பொடி கொடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் ஓர் ஆசிரியர். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதை இப்படியே அவரிடம் சொன்னேன். நம் ஊர்க்காரர்களே ஒழுங்காக ஆராய்ச்சி செய்து பார்த்த மருந்து, ஆனால் பி வைரஸை அது ஒழிக்கும் என்று நிரூபணமாகவில்லை; கர்ப்பத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் போதிய சான்று இல்லை; அதனால் வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டார். பத்தியச் சாப்பாடும் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னேன். எண்ணெய், உப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கர்ப்பிணிகளை வாட வைப்பது வடசென்னையில் இன்னும் நடக்கிறது. மீன்காரர் வீட்டு மருமகள் மீன் சாப்பிடாமல் ஏன் இருக்க வேண்டும்?

28ஆவது வாரம்: மாத்திரை

பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டால் போதாதா, கர்ப்பத்தில் மாத்திரை எதற்கு? இது நியாயமான கேள்வி. எதுவுமே செய்யாவிட்டால், ஹெச்பிஇஏஜி பாசிட்டிவான தாயின் குழந்தைக்குத் தொற்று வர 70 முதல் 90 சதவீதம் வாய்ப்பு உண்டு. இரண்டு ஊசியும் நேரத்தோடு போட்டால் இதில் பெரும்பகுதி தடுக்கப்படும். ஆனால் தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால், ஊசிகளையும் மீறிச் சில குழந்தைகளுக்குப் போய்விடுகிறது. 2016இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வைரஸ் அளவு அதிகமாயிருந்த 200 கர்ப்பிணிகள். எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு ஊசியும் போட்டார்கள். ஒரு பிரிவுத் தாய்மாருக்கு மட்டும் கூடுதலாக, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை. திட்டப்படி கடைசிவரை வந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால், மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்கும் தொற்று இல்லை. சாப்பிடாதவர்களிடம் 7 சதவீதம். பாதியில் நின்றவர்களையும் சேர்த்தால் 5 சதவீதமும் 18 சதவீதமும். அந்த இரண்டாவது கணக்கை நான் எப்போதும் மறப்பதில்லை. தொடர்பு விட்டுப்போனவர்களைக் கணக்கில் சேர்த்ததுமே எண்கள் இப்படி ஏறிவிடுகின்றன.

2020இல் உலக சுகாதார நிறுவனம் டிஎன்ஏ 2 லட்சம் ஐயுவும் அதற்கு மேலும் உள்ள கர்ப்பிணிகளுக்கு 28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் கொடுக்கப் பரிந்துரைத்தது. டிஎன்ஏ பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் ஹெச்பிஇஏஜி பாசிட்டிவ் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இவருக்கு 28 வாரம் முடிந்த அன்றே 300 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. தொடங்குமுன் ஹெச்ஐவி இல்லை என்பதை மறுபடி பார்த்துக்கொண்டோம். ஹெச்ஐவி இருப்பவருக்கு டெனோஃபோவிரைத் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு பெரிய தொல்லை.

மாத்திரை தாமதமாகத் தொடங்கினால் வைரஸ் இறங்க நேரம் போதாது. 34ஆவது வாரத்தில் ரிசல்ட் கையில் கிடைத்து ஓடிவருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். எடுத்த ரத்தம் எப்போதோ எடுத்ததாக இருக்கும். ரிசல்ட் ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் தூங்கியிருக்கும். இவர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை, காரணம் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்து நகர சுகாதார செவிலியர். கார்டில் கோடு விழுந்த அன்றே வீட்டுக்குப் போன் செய்யாமல், நேரில் போய், மாமியார் ஏலத்துக்குக் கிளம்பிய நேரம் பார்த்து, அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லிக் கூட்டிவந்தவர் அவர்தான்.

36ஆவது வாரத்தில் டிஎன்ஏ 9,200 ஐயு. 8.4 கோடியிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. முதல் வாரம் கொஞ்சம் குமட்டல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வேளையும் விடவில்லை என்றார். இரவு சீரியல் முடிந்ததும் மாமியாரே எடுத்துக் கொடுத்துவிடுவாராம்.

வளைகாப்புக்குப் பிறகு

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அன்றே தாய்வீட்டுக்கு எண்ணூர் போகிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, கேட்க நினைப்பதும் சரியில்லை. ஆனால் எங்கள் வேலைக்கு இது பெரிய முட்டுக்கட்டை. பதிவு ராயபுரம் மண்டலம், இனி இருப்பு திருவொற்றியூர் மண்டலம். செவிலியர் வேறு, ஆரம்ப சுகாதார நிலையம் வேறு. வலி எடுக்கும் நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் ஓர் அட்டை தயார் செய்தோம். தாய் சேய் நலப் புத்தகத்துக்குள் ஒட்டி, மடித்தால் வெளியே எதுவும் தெரியாதபடி. உள்ளே தமிழிலும் ஆங்கிலத்திலும் சில வரிகள்: தாய்க்கு ஹெபடைடிஸ் பி, டெனோஃபோவிர் இன்ன தேதியிலிருந்து, கடைசி டிஎன்ஏ இவ்வளவு, குழந்தை பிறந்ததும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், எங்கள் பிரசவ வார்டு தொலைபேசி எண். அந்தப் பெண்ணுக்கு இதை வாய்ப்பாடம் ஆக்கினோம். “குழந்தை பிறந்த உடனே ரெண்டு தொடையிலயும் ஊசி. ஒண்ணு தடுப்பூசி, ஒண்ணு இம்யூனோ.” ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்லச் சொல்லிக் கேட்போம். முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் நாங்கள் கேட்குமுன்பே சொல்ல ஆரம்பித்தார். எண்ணூர்ப் பகுதிச் செவிலியரிடமும் போனில் பேசி, பெயரும் நாளும் குறித்துக்கொள்ளச் சொன்னோம்.

யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். கணவர், மாமியார், அம்மா, அண்ணன். கொழுந்தனுக்கும் மற்ற உறவுகளுக்கும் வேண்டாம் என்றார்.

பிரசவ இரவு

38ஆவது வாரம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு வலி வந்தது. கணவர் கடலில். எங்கள் மருத்துவமனைக்கு வர ஆட்டோ பிடித்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மாட்டிய ஆட்டோ எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வலி முற்றிக்கொண்டே போகவே, வழியில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இறங்கிவிட்டார்கள். அது சரியான முடிவு.

அந்தப் பெண் வலியோடு வலியாக அட்டையை எடுத்து டியூட்டி நர்ஸ் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்ததைச் சொல்லியிருக்கிறார். அங்கே முதலில் தயக்கம் இருந்தது. தனி அறை வேண்டும், தனிக் கூடுதல் கட்டணம் என்றெல்லாம் பேச்சு எழுந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ள தாய்க்குத் தனி அறை தேவையில்லை. எந்தப் பிரசவத்திலும் போடுகிற கையுறை, கண்ணாடி, ஏப்ரன், ஊசிகளைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது, இவையே போதும். அங்கிருந்த மருத்துவர் எங்கள் வார்டுக்குப் போன் செய்தார். டியூட்டியிலிருந்த என் சக மருத்துவர் விளக்கியதும் விஷயம் தெளிந்தது. சிசேரியன் செய்ய வேண்டுமா என்றும் கேட்டார். இதற்காகச் சிசேரியன் தேவையில்லை. பனிக்குடத்தைத் தேவையில்லாமல் உடைக்காமல், முடிந்தவரை இயல்பாக விட்டால் போதும்.

அதிகாலை 2.20க்குப் பெண் குழந்தை, 2.8 கிலோ, பிறந்ததும் அழுதது. தடுப்பூசி அங்கேயே ஃபிரிட்ஜில் இருந்தது, 3.15க்கு இடது தொடையில் 0.5 மில்லி போட்டார்கள். இதில் ஒரு நல்ல வாய்ப்பு: அது ஒற்றை டோஸ் குப்பி. அரசு மருத்துவமனைகளில் வருவது பத்து டோஸ் குப்பி. நடு இரவில் ஒரு குழந்தைக்காக அதைத் திறந்தால் மீதி ஒன்பது வீணாகுமே என்று காலைவரை தள்ளிப்போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்தப் பயமே தேவையில்லை. திறந்த குப்பிகளுக்கான அரசு விதிமுறைப்படி, ஹெபடைடிஸ் பி குப்பியைத் திறந்த தேதியை எழுதி, சரியான குளிரில் சுத்தமாக வைத்திருந்தால் நான்கு வாரம்வரை பயன்படுத்தலாம். பிறந்த குழந்தைக்கு இந்த ஊசி, தாயின் வைரஸ் ஏற்கெனவே பட்ட பிறகு போடும் ஊசி. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எந்த மகப்பேறு வார்டிலும் இரவில் அந்த ஃபிரிட்ஜ் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை. வெளியில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அந்த நேரத்தில் கிடைக்கவும் கிடைக்காது. எங்களிடம் திட்டத்தின் கீழ் வந்த ஊசி இருந்தது. கொழுந்தன் பைக்கில் கிளம்பி வந்தார். குளிரில் கொண்டுபோக வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவரும் அவருக்குத் தெரிந்த வழியில் ஒரு தெர்மோகோல் மீன் பெட்டி நிறைய ஐஸைப் பொடித்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வார்டு செவிலியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிக் கையில் கொடுத்தார். “தம்பி, இது மீனுக்கு. இந்த மருந்து உறைஞ்சிடக் கூடாது” என்று சொல்லி, தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரை எடுத்தார். உறைந்த ஐஸ் பேக்குகளை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, பிறகு உள்ளே அடுக்கி, குப்பியை பஞ்சிலும் கவரிலும் சுற்றி நடுவில் வைத்தார். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டிய மருந்து இது. நேரடியாக ஐஸில் புதைத்து உறைந்துபோனால் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அதை நம்பிக் குழந்தைக்குப் போட முடியாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். அந்தக் காத்திருப்பில் போன கொஞ்ச நேரம் வீண் இல்லை.

காலை 8.40க்கு வலது தொடையில் 100 ஐயு இம்யூனோகுளோபுலின் போடப்பட்டது. பிறந்து ஆறு மணி இருபது நிமிஷம். கொழுந்தனுக்குக் கடைசிவரை அது ‘குழந்தைக்கு ஒரு ஊசி மருந்து’ என்றுதான் தெரியும்.

தாய்ப்பால்

பிறந்த அன்று மதியமே நர்சிங் ஹோமிலிருந்து போன். பக்கத்துப் படுக்கைக்காரர் யாரோ பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம், பவுடர் பால் டின் வாங்கவும் ஆள் போயாகிவிட்டது. தாய்ப்பாலால் ஹெபடைடிஸ் பி பரவுவதில்லை. ஊசிகள் போட்ட குழந்தைக்குத் தயக்கமில்லாமல் கொடுக்கலாம்; டெனோஃபோவிர் சாப்பிடும்போதும் கொடுக்கலாம், பாலில் அது மிகச் சொற்பமாகத்தான் வருகிறது. இதை நாங்கள் கர்ப்பத்திலேயே இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தோம். ஆனாலும் பிரசவமான களைப்பில், சுற்றி நாலு பேர் பேசும்போது, ஒரு தாய் தனியாக எவ்வளவுதான் எதிர்த்து நிற்பாள்? அவருடைய அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவரிடமே சொன்னேன். டின் வரவில்லை. குழந்தை அன்று முதல் தாய்ப்பால்தான்.

அடுத்த பத்து மாதம்

குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. இந்த ஐந்து-ஒன்றான தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. அதற்குள்ளேயே ஹெபடைடிஸ் பியும் இருக்கிறது. முதல் ஊசி எண்ணூரில், அடுத்த இரண்டும் காசிமேட்டில். தேதி தவறவில்லை. பிறந்தவுடன் போடுவதை மட்டும் பெரிதாக நினைத்து இந்த மூன்றைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. இம்யூனோகுளோபுலின் தரும் பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும்; அதற்குள் குழந்தையின் உடம்பு சொந்தமாக எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்க வேண்டும்.

தாய்க்கு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 12ஆவது வாரத்தில் நிறுத்தினோம். நிறுத்தியபின் சிலருக்கு வைரஸ் திரும்ப ஏறி, கல்லீரல் கொஞ்சம் வீங்கும். அதனால் நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. இவருக்கும் அடுத்த பரிசோதனையில் எஸ்ஜிபிடி 88க்கு ஏறியது. உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை, காமாலையைக் காட்டும் பிலிருபின் சரி. அடுத்தடுத்துப் பார்த்தோம், தானாக 30க்கு இறங்கியது. மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டி வரவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எப்போது என்று எல்லோரும் அவசரப்படுவார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக்கூடக் கேட்டார்கள். அதில் பாசிட்டிவ் வந்தாலும் குழந்தைக்குத் தொற்று என்று அர்த்தமில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் எதிர்ப்பொருளைப் பார்த்தால், ஊசியாகப் போட்ட இம்யூனோகுளோபுலினே அதில் தெரியும். குழந்தை தானே உண்டாக்கியது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மைய உறைக்கான எதிர்ப்பொருளைக் கேட்டு எழுதிவிட்டாலோ குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் தாயிடமிருந்து வந்த அந்த எதிர்ப்பொருள் குழந்தையிடம் ஒரு வருஷம் தாண்டியும் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு: வைரஸின் மேலுறைப் புரதம் இருக்கிறதா, அதற்கெதிரான பாதுகாப்பு எதிர்ப்பொருள் எவ்வளவு.

பத்தாவது மாதத்தில் எடுத்தோம். மேலுறைப் புரதம் (ஹெச்பிஎஸ்ஏஜி) நெகட்டிவ். எதிர்ப்பொருள் 412 மில்லி ஐயு. 10க்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு என்று கணக்கு. நெகட்டிவ் என்றதும் அந்தப் பெண் அழுதார். மாமியார் பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “அப்போ இவளுக்கு வராதா? இவளுக்குப் பொறக்கிறதுக்கும் வராதா?” என்று கேட்டார். இவளுக்கு இல்லை, இவள் மூலமாக இவள் குழந்தைக்கும் போகாது என்றேன்.

தைவான் 1984இலேயே ஹெபடைடிஸ் பி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கி, 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தது. பிறகு அங்கே குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. எண்ணூர்க் குப்பத்து வீட்டில் வயிறு வீங்கி இறந்த பாட்டியைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்த வருஷங்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்தப் பாட்டியின் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது இந்தக் கொள்ளுப்பேத்திக்குக் கிடைத்திருக்கிறது. இங்கே ஓபியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

குடும்பத்தின் இப்போதைய நிலை

கணவருக்குத் தொற்றும் இல்லை, பழைய தொற்றின் தடயமும் இல்லை. 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் தடுப்பூசி முடிந்தது. மாமியாருக்கும் அப்படியே. அம்மாவுக்கு வைரஸ் அளவு குறைவு, கல்லீரல் நன்றாக இருக்கிறது, கண்காணிப்பில் இருக்கிறார். அண்ணனுக்குத்தான் கவனம் தேவைப்பட்டது: எஸ்ஜிபிடி தொடர்ந்து உயர்ந்திருந்தது, வைரஸும் அதிகம். திட்டத்தின் சிகிச்சை மையத்தில் டெனோஃபோவிர் தொடங்கி, மாதாமாதம் வாங்கிவருகிறார். இது அவருக்கு நீண்ட கால மாத்திரை; தானாக நிறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். அண்ணிக்கு இப்போது ஐந்தாவது மாதம். அவருக்குப் பரிசோதனை நெகட்டிவ். கர்ப்பத்தில் போடலாம் என்பதால் தடுப்பூசியும் தொடங்கி இரண்டு டோஸ் முடிந்திருக்கிறது.

இந்தப் பெண்ணுக்கு அடுத்த கர்ப்பம் வந்தால் எல்லாம் முதலிலிருந்து: டிஎன்ஏ மறுபடி எடுக்க வேண்டும், 28ஆவது வாரத்தில் மாத்திரை, புதிய அட்டை, குழந்தைக்கு இரண்டு ஊசி. முதல் குழந்தைக்கு நெகட்டிவ் வந்தது என்பதால் இரண்டாவதற்கு எதையும் விட்டுவிட முடியாது. இதை அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.